அறுபதாயிரத்துக்குள் ஒரு யாப்பு

இலக்கியம் பேசுவதற்காகக் கூடும் இடத்தில் கணினியின் உதிரிப்பாகங்களைப் பற்றி எழுதுவது பொருத்தமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். யாப்பருங்கலக்காரிகையை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறவன் நான். யாத்தல் என்றால் கட்டுதல். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று ஆறு உறுப்புகளைச் சொல்லி, அவற்றைக் கொண்டு செய்யுள் கட்டப்படும் விதத்தைச் சொல்லித்தருவது என் பிழைப்பு. சென்ற இரண்டு மாதங்களாக என் வீட்டில் நடந்ததும் ஒரு யாப்புதான். அதன் உறுப்புகள் வேறு, அடி அளவு மட்டும் கறாரானது. அறுபதாயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது.

மகள் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விஸ்காம் என்றால்தான் எல்லோருக்கும் புரிகிறது. எங்கள் ஊர் கேளம்பாக்கம். இங்கிருந்து கோவளம் போகும் வழியில் கழிமுகத்தை ஒட்டி உப்பளப் பரப்பு விரிந்து கிடக்கும். அங்கே ஒரு காலத்தில் வேலை செய்த முதியவர்களைத் தன் கைப்பேசியில் படம்பிடித்து வைத்திருக்கிறாள். மொத்தம் ஒன்பது மணி நேரக் காட்சி. இதை இருபது நிமிடமாகத் தொகுக்க வேண்டும். வீட்டிலுள்ள மடிக்கணினி 2017இல் வாங்கியது. காட்சியை ஓட விட்டால் ஒலி முன்னே போகும், படம் பின்னே வரும். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துபோனது. இந்த மடிக்கணினியின் பிராசசர் விண்டோஸ் 11க்கு ஏற்கப்பட்ட பட்டியலிலும் இல்லை.

ஆகவே அவள் தாம்பரத்தில் ஒரு தோழியின் வீட்டுக்குப் போய்த் தொகுத்து வந்தாள். ஒரு புகைப்படக்காரருக்குத் திருமண வீடியோக்களைத் துண்டுதுண்டாக வெட்டிக் கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கவும் தொடங்கியிருந்தாள். அந்த வேலையும் தோழி தூங்கப் போன பிறகு அவளுடைய கணினியில்தான். பிறகு 515 பிடித்து வண்டலூர் வழியாக வீடு வந்து சேர இரவு பத்தரை ஆகிவிடும். பேருந்து வரும் வரை என் மனைவி வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். கணினி வாங்குவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் தொடங்கியது தொழில்நுட்பத்தினால் அல்ல, இந்த வாசற்படியினால்.

பணம் சீட்டில் எடுத்தது. உப்புக்காற்று தின்று தீர்த்த இரும்புக் கேட்டை மாற்றுவதற்காகக் கட்டிவந்த சீட்டு அது. மனைவிதான் முடிவைச் சொன்னாள். “கேட் இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். இவ படிப்பு அதுவரைக்கும் காத்துக்கிட்டு நிக்குமா?” தனியார் கல்லூரித் தமிழ்த்துறையில் ஊதியம் என்னவென்று தெரிந்தவர்களுக்கு, இதற்கு மேல் ஒரு ரூபாய் ஏன் கிடையாது என்பதும் தெரியும். தவணைமுறையில் பெரிய மடிக்கணினி ஒன்று வாங்கலாம் என்ற யோசனையும் வந்தது. ஆனால் மடிக்கணினியில் ஒன்று பழுதானால் எல்லாம் படுத்துவிடும். பெரும்பாலானவற்றில் பிராசசரும் கிராபிக்ஸ் சில்லும் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை, பின்னாளில் மாற்ற முடியாது. மேசைக்கணினியைப் பாகம்பாகமாக வாங்கிக் கட்டினால், இன்று இயலாததை நாளை சேர்த்துக்கொள்ளலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ‘நாளை’ முக்கியமானது.

பாகம்பாகமாக வாங்குவது என்றால் சென்னையில் ரிச்சி தெருதான். தில்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லேமிங்டன் சாலை, பெங்களூருக்கு எஸ்.பி. சாலை என்றிருப்பதைப் போல. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்துசந்தாகப் பிரியும் சந்தை. வானொலி உதிரிப்பாகங்கள் விற்ற தெரு, பிறகு தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் கைப்பேசிக்கும் மாறியது. கேளம்பாக்கத்திலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் மெட்ரோ பணிகளைக் கடந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் கழிந்துவிடும். நானும் மகளும் மூன்று முறை போனோம். முதல் இரண்டு முறையும் எதுவும் வாங்கவில்லை. விலையை எழுதிக்கொண்டு திரும்பினோம்.

அங்கே என் கலைச்சொற்கள் செல்லுபடியாகவில்லை. ‘தாய்ப்பலகை’ என்றேன். கடைப்பையன் மகளைப் பார்த்தான். “மதர்போர்டு கேக்கறார்” என்று அவள் மொழிபெயர்த்தாள். பெட்டிக்குப் பெயர் கேபினட். மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பகுதிக்கு எஸ்எம்பிஎஸ். அகராதியில் இல்லாத இந்தச் சொற்கள் அந்தத் தெருவில் துல்லியமாகப் பொருள் தருகின்றன. ‘டப்பா’ என்று சொன்னால் நிறுவனத்தின் அட்டைப்பெட்டியில், குளிர்விக்கும் விசிறியோடும் மூன்றாண்டு உத்தரவாதத்தோடும் வரும் பிராசசர். ‘ட்ரே’ என்றால் மொத்தமாக வந்து உதிரியாக விற்கப்படுவது, விசிறி கிடையாது. ‘பில் வேணுமா?’ என்ற கேள்விக்குள் 18 விழுக்காடு ஜிஎஸ்டி ஒளிந்திருக்கிறது. வேண்டாம் என்றால் விலை இறங்கும், உத்தரவாதமும் கூடவே இறங்கிவிடும்.

எந்தக் கணினி நல்லது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் தருகிறார்கள். நாங்கள் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு வேலையை முதலில் எழுதினோம். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் தொகுப்பு, வலப்பக்கம் விளையாட்டு. விளையாட்டு என்ற சொல்லை அவள் சிறிய எழுத்தில் எழுதினாள். அப்பா இதை வெட்டிவிடுவார் என்ற எண்ணம் இருந்திருக்கலாம். நான் வெட்டவில்லை. பகலெல்லாம் உழைக்கிற பிள்ளை இரவில் ஒரு மணி நேரம் தோழிகளோடு வாலரன்ட் ஆடுவதைக் குற்றப்பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை. பல்லாங்குழியையும் பகடையையும் பண்பாடு என்று பாடம் நடத்துகிறவன் திரையில் ஆடுவதை மட்டும் சீரழிவு என்பது நியாயமாகாது. ஆனால் இரண்டு வேலைகளும் பணத்தை வெவ்வேறு இடங்களில் கேட்கின்றன. சிக்கல் அங்கேதான்.

தொகுப்பு ஏன் கணினியை இவ்வளவு வருத்துகிறது என்பது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. கைப்பேசி ஒவ்வொரு சட்டகத்தையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம், அதன்பின் வருபவற்றில் எது மாறியது என்ற குறிப்பு மட்டும். ஏறக்குறைய அந்தாதி போல, முன்னது இல்லாமல் பின்னது நிற்காது. படத்தை முதலிலிருந்து ஓட விட்டால் தொல்லையில்லை. தொகுப்பவரோ நடுவில் எங்கோ ஒரு நொடியில் போய் நிற்கிறார். அந்த ஒரு சட்டகத்தைக் காட்டுவதற்குக் கணினி பின்னோக்கிப் போய் முழுப் படத்தைக் கண்டுபிடித்து, மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். எச்.264, எச்.265 என்ற பெயர்களில் வழங்கும் சுருக்கமுறைகள் இப்படிப்பட்டவை. இந்தப் பிரித்தெடுக்கும் வேலைக்கென்றே தனிச் சுற்று உள்ள பிராசசர் இருந்தால் சுமை வெகுவாகக் குறையும்.

அடுத்தது இடம். விநாடிக்கு 50 மெகாபிட் என்ற கணக்கில் எடுத்த 4கே காட்சி ஒரு மணி நேரத்துக்கு 22 ஜிபிக்கு மேல் வரும். மகளின் ஒன்பது மணி நேரம் ஏறத்தாழ 200 ஜிபி. பழைய சுழலும் வன்தட்டு விநாடிக்கு நூற்றைம்பது மெகாபைட் அளவில் படிக்கும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி சில ஆயிரம் மெகாபைட் படிக்கும். தொகுக்கும் காட்சி எஸ்எஸ்டியிலும், முடிந்தது வன்தட்டிலும் இருந்தால் போதும். விளையாட்டின் கணக்கு வேறு. விநாடிக்கு 60 சட்டகம் என்றால் ஒவ்வொன்றையும் 17 மில்லிவிநாடிக்குள் புதிதாக வரைந்தாக வேண்டும். இந்த வேலை கிராபிக்ஸ் கார்டுக்கு உரியது. தொகுப்பு நினைவகத்தையும் சேமிப்பையும் பிரித்தெடுக்கும் சுற்றையும் கேட்கிறது, விளையாட்டு வரையும் திறனைக் கேட்கிறது.

பிராசசரில் இரண்டு பெயர்கள் எஞ்சின. ஒன்று ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி, 2021இல் வந்தது. மற்றது இன்டெலின் ஐ5-12400, 2022 ஜனவரியில் வந்தது. இரண்டுக்கும் ஆறு கோர்கள், பன்னிரண்டு இழைகள். புதியவை பல வந்துவிட்டன என்றாலும் விலையைப் பார்த்தால் இவைதான் எங்களுக்கு எட்டுபவை. ஏஎம்டியின் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், விளையாட்டுக்கு இன்டெலுடையதைவிட வலுவானது. இன்டெலில் குவிக் சிங்க் என்ற பிரித்தெடுக்கும் சுற்று, தொகுப்பு மென்பொருள்களோடு நன்கு பழகியது. ஏஎம்டியின் இந்தக் குறிப்பிட்ட மாதிரி பிசிஐஇ மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது, பின்னாளில் நல்ல கார்டு செருகினால் பாதை சற்றுக் குறுகல். இன்றைய விளையாட்டுக்கு ஒன்று, இன்றைய தொகுப்புக்கும் நாளைய கார்டுக்கும் மற்றொன்று. மகள் இரவு முழுதும் யோசித்துக் காலையில் “இன்டெல்பா” என்றாள். விட்டுக்கொடுத்தது எதுவென்று அவளுக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் ஓரெழுத்து ஒன்று குறுக்கே வந்தது. 12400 என்று ஒன்று, 12400எஃப் என்று ஒன்று. எஃப் போட்டது விலை சற்றுக் குறைவு. ஏன் குறைவு என்று கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்றார் ஒரு கடைக்காரர். ஒன்றல்ல. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, ஆகவே குவிக் சிங்க்கும் இல்லை. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. விளையாட்டுக்கு மட்டும் கணினி கட்டி, முதல் நாளே கார்டு வாங்குபவருக்கு அது நியாயமான சிக்கனம். எங்களுக்கு அது பிழையான பாடம். ஓரெழுத்தின் வலிமை எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமானதுதான். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறந்த பிறகு, ‘கேளம்பாக்கம்’ என்று நாங்கள் சொன்னதைக் ‘கிளாம்பாக்கம்’ என்று கேட்டுக்கொண்டு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தள்ளி இறங்கி நிற்கும் உறவினர்கள் எத்தனையோ பேர்.

கார்டிலும் இதே கதை. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் கிடைக்கின்றன. 2022இல் வந்தது 8 ஜிபி. 2024இல் வந்தது 6 ஜிபி. நினைவகம் மட்டுந்தான் குறைவு என்று தோன்றும். உண்மையில் கணக்கிடும் கோர்களும் 2560இலிருந்து 2304 ஆகின்றன, நினைவகத்துக்குப் போகும் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்குகிறது. மறுபுறம், 6 ஜிபி கார்டு 70 வாட்டில் அடங்கிவிடும், தனி மின்கம்பி தேவையில்லாமல் பழைய கணினிகளிலும் உட்காரும். அது வேண்டியவருக்கு அது நல்லதே. ஒருபொருட்பன்மொழியையும் பலபொருள் ஒருமொழியையும் இலக்கணமாகப் படிப்பவர்கள் விலைப்பட்டியலைப் படிக்கும்போதும் அந்தக் கண்ணோடு படிப்பது நல்லது.

நினைவகத்தின் விலைதான் எங்களை உண்மையிலேயே திகைக்க வைத்தது. ஓராண்டுக்கு முன் தோழி வாங்கிய அதே 16 ஜிபி இப்போது இரண்டு மடங்குக்கும் மேல். கடைக்காரர் கையை விரித்தார். 2025இன் பிற்பகுதியில் தொடங்கிய ஏற்றம் இது. உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் எச்பிஎம் என்ற அடுக்கு நினைவகத்தைக் கேட்கின்றன. அதே கொள்ளளவுக்கு அது சாதாரண நினைவகத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கான் பரப்பை எடுத்துக்கொள்ளும். இலாபமும் அங்கேதான். ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பின. 2025 டிசம்பர் 3 அன்று மைக்ரான், குரூசியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது.

அன்று இரவு மொட்டைமாடியில் நின்றபோது வடக்கே வெளிச்சமாக இருந்தது. அந்தத் திசையில் சிறுசேரி. அங்குள்ள சிப்காட் பூங்காவில் மென்பொருள் நிறுவனங்களுக்கு நடுவே தரவு மையங்களும் எழுந்திருக்கின்றன. கடலடிக் கம்பிவடங்கள் சென்னையில் கரையேறுவதாலும், 2021இல் மாநில அரசு இதற்கென ஒரு கொள்கையே வெளியிட்டதாலும் அவை இந்தப் பக்கம் வருகின்றன. உலகெங்கும் உள்ள இத்தகைய கட்டடங்கள்தான் நினைவகத்தை வாரிக்கொள்கின்றன. எங்கள் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் அவற்றுள் சில நிற்கின்றன, இங்கே ஒரு பெண் 16 ஜிபிக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். யாரையும் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. விலை என்பது வானத்திலிருந்து விழுவதில்லை, அதற்கு முகவரி உண்டு, சில வேளைகளில் அந்த முகவரி பக்கத்து ஊராகவும் இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பலகையைத் தேர்ந்தெடுத்தது இந்த விலை. பி760 வகையில் பழைய டிடிஆர்4 நினைவகத்தை ஏற்கும் மதர்போர்டு ஒன்று, நான்கு பொந்துகளோடு. இரண்டே பொந்து உள்ளது மலிவு. ஆனால் அதில் இரண்டு 8 ஜிபி போட்டுவிட்டால் பின்னாளில் கூட்டுவதற்கு இருப்பதைக் கழற்றி எறிய வேண்டும். ஒற்றை 16 ஜிபி போட்டால் இடம் மிஞ்சும், ஆனால் நினைவகம் ஒற்றைப் பாதையில் ஓடும். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் அந்த நினைவகத்தையே பங்கிட்டுக்கொள்வதால் ஒற்றைப் பாதை அதை மேலும் தளர்த்தும். நான்கு பொந்துகளில் இரண்டை நிரப்பி இரண்டை விட்டு வைத்தோம். தளை என்பது ஒரு சீரின் ஈற்றசையும் அடுத்த சீரின் முதலசையும் பொருந்தும் முறை. தனித்தனியே எல்லாச் சீரும் அழகாக இருந்தும் தளை தட்டினால் வெண்பா வெண்பா ஆகாது. மாணவர்கள் தடுமாறுவதும் அங்கேதான், கணினி கட்டுபவர்கள் தடுமாறுவதும் அங்கேதான்.

எஸ்எம்பிஎஸ் பற்றித்தான் கடையில் அதிக வாக்குவாதம். “கேபினட் வாங்கினா எஸ்எம்பிஎஸ் ஃப்ரீ சிஸ்டர்” என்று கண்ணாடி முகப்பும் வண்ண விளக்குகளும் கொண்ட பெட்டி ஒன்றைக் காட்டினான் பையன். மகள் அந்த இலவசத்தைத் தூக்கிப் பார்த்தாள். காலி டிபன்பாக்ஸ் போல எடையே இல்லை. 450 வாட் என்று எழுதியிருந்தது, எந்தச் சான்றும் இல்லை. “இது போச்சுன்னா கூட எது எதெல்லாம் போகும்ணா?” என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டு உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தான். 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை. பாதிச் சுமையில் நூறு வாட் இழுத்தால் குறைந்தது 85 வாட்டைப் பயனாகத் தர வேண்டும் என்பது அந்த முத்திரையின் பொருள். மீதி வெப்பமாகிறது. கார்டு இல்லாத கணினிக்கு 550 அதிகம்தான். வரப்போகும் கார்டுக்கும் சேர்த்து வாங்கியது.

பெட்டிக்கு முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போதும் என்றோம். மே மாதத்தில் எங்கள் அறை 36 டிகிரியில் நிற்கும். குளிரூட்டிய அறையில் 65 டிகிரி காட்டும் பிராசசர் இங்கே 75ஐத் தாண்டும், காற்று வராவிட்டால் இன்னும் ஏறும். நூறு டிகிரியை நெருங்கினால் அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கொடுத்த பணம் அங்கே ஆவியாகும். கடல் ஐந்தாறு கிலோமீட்டரில் இருப்பதால் உப்புக்காற்றும் உண்டு. கேட்டைத் தின்ற காற்று செம்புத் தொடுமுனைகளை விட்டுவிடாது. மேசையை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் போட்டோம், வேலை முடிந்தால் பருத்தித் துணி ஒன்றைப் போர்த்துகிறாள். மின்வெட்டுக்கு ஒரு யூபிஎஸ். 600 விஏ என்று பெரிதாக எழுதியிருக்கும், 360 வாட் என்று சிறிதாக எழுதியிருக்கும். படிக்க வேண்டியது சிறிய எழுத்து.

இவற்றோடு 24 அங்குலத் திரை ஒன்று, 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. பழைய மடிக்கணினியின் ஒரு டெராபைட் வன்தட்டைக் கழற்றிச் சேர்த்துக்கொண்டோம். அறுபதாயிரத்தில் எழுநூற்றைம்பது ரூபாய் மிஞ்சியது. கிராபிக்ஸ் கார்டுக்கு இடம் விட்டிருக்கிறோம், கார்டு இல்லை. விட்டது அதைத்தான். அதைவிட எளிதாகப் பின்னால் சேர்க்கக்கூடிய பாகம் வேறு இல்லை. ஒரு பொந்தில் செருகி, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரு கம்பியை மாட்டினால் முடிந்தது. மதர்போர்டை மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். பணம் குறைவாக இருக்கும்போது, மாற்றக் கடினமானதை நன்றாக வாங்கிவிட்டு, சேர்க்க எளிதானதைத் தள்ளிப்போடுவது என்பதுதான் இந்த இரண்டு மாதத்தில் நாங்கள் கண்ட ஒரே விதி. இதற்குக் கணினி அறிவு அதிகம் வேண்டாம். வீடு கட்டுகிற கொத்தனார்கள், அஸ்திவாரத்தை மாடிக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுக் கம்பியை மேலே நீட்டி விட்டு வைப்பார்களே, அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் பாய் விரித்து அவளே கட்டினாள். தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேபினட்டின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிக்கொண்டாள். பிராசசரின் மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பலகையின் குறியோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்தாள். நான் திருகாணிகளைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி இரண்டு முறை காபி கொண்டுவந்து, பாயைத் தாண்டாமல் நின்று கொடுத்தாள்.

இப்போது ஒன்பது மணி நேரக் காட்சியும் மேசைமேல் ஓடுகிறது. டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு அல்ட்ரா எச்டி வரை படத்தை வெளியே எடுத்துத் தருகிறது. காட்சி கனத்தால், பிராக்சி எனப்படும் சிறிய நகலை உருவாக்கி, அதில் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் மூலத்தோடு இணைத்துக்கொள்கிறாள். 1994இல் வெளிவந்த ‘மகாநதி’யை அவிட் கணினித் தொகுப்பு முறை முதலில் பயன்பட்ட இந்தியப் படம் என்று குறிப்பிடுவார்கள். அன்று அப்படி ஓர் இயந்திரத்தின் முன் உட்காரக் கோடம்பாக்கத்தில் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். இன்று கேளம்பாக்கத்தில் ஒரு கேட்டின் விலைக்குள் அது வந்துவிட்டது. வாலரன்ட் குறைந்த அமைப்பில் ஓடுகிறது. பெரிய விளையாட்டுகள் ஓடா. அவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டி வைத்திருக்கிறாள்.

தாம்பரத்துக்குப் போவது நின்றுவிட்டது. திருமண வேலைகளை வீட்டிலேயே செய்கிறாள், வருவதை ஒரு பழைய நோட்டில் எழுதுகிறாள். முதல் பக்கத்தில் ‘கார்டு’ என்று தலைப்பு. இரண்டாம் பக்கத்தில் ‘கேட்’ என்று இருக்கிறது. அதைப் பற்றி என்னிடம் அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன வாரம் உப்பளத்து முதியவர் ஒருவரின் பேச்சில் ஒரு சொல்லைக் குறிப்பிட்டு, “இதுக்கு என்னப்பா அர்த்தம்?” என்று கேட்டாள். உப்பை வாரும் பலகைக்கு அவர்கள் வழங்கும் பெயர். எனக்குத் தெரியவில்லை, அகராதிகளிலும் இல்லை. அவரிடமே போய்க் கேட்டுவர வேண்டும்.